மாணவரின் முடி உதிர்வு: கேலியும் வேண்டா, மாய எண்ணெயும் வேண்டா



ஒரு மாணவனுக்குக் காய்ச்சல் கண்டால் உடனே பெற்றோரைத் தொலைபேசியில் அழைக்கிறோம். கண்பார்வை மங்கினால் முன்வரிசையில் அமர்த்தி, கண்ணாடி வாங்கச் சொல்கிறோம். பல்வலி என்றால் பல் மருத்துவரிடம் அனுப்புகிறோம். ஆனால், அதே மாணவனின் தலையில் ஐம்பது சென் காசு அளவுக்கு முடி கொட்டிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? வகுப்பு சிரிக்கிறது. சிற்றுண்டிச்சாலையில் அவனுக்குப் பட்டப்பெயர் கிடைக்கிறது. கட்டொழுங்கு ஆசிரியர் அவன் அணிந்துவரும் தொப்பியைக் கழற்றச் சொல்கிறார். வீட்டில் பாட்டி ஓர் எண்ணெயைச் சொல்கிறார், அத்தை வேறோர் எண்ணெயைச் சொல்கிறார், கைப்பேசியில் வரும் விளம்பரம் மூன்றாவது எண்ணெயைச் சொல்கிறது. மருத்துவரிடம் போவதுதான் எல்லாவற்றிற்கும் கடைசியாக நடக்கிறது.

இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. குழந்தையின் முடி உதிர்வு உடல்நலம் பற்றிய செய்தி. அதை முதலில் மருத்துவரிடம் கொண்டு செல்வோம். அவர் காரணத்தைக் கண்டறியும் வரையிலும், அதற்குப் பின்னும், அந்தக் குழந்தையின் மானத்தைப் பள்ளியில் காப்போம்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடக்கப்பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லேன். ஆயினும், ஒரு மாணவனின் தலையில் ஏற்படும் மாற்றத்தைப் பெற்றோருக்கு அடுத்தபடியாக, சில வேளைகளில் பெற்றோருக்கும் முன்பாக, காண்பவர் வகுப்பாசிரியரே. குனிந்து எழுதும் மாணவனின் உச்சந்தலையை நாள்தோறும் மேலிருந்து பார்ப்பவர் வேறு யார்? ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் பாடத்திட்டம், உளவியல், மதிப்பீடு எல்லாம் கற்பித்தார்கள். முடி கொட்டும் மாணவனை எப்படி நடத்துவது என்று எவரும் கற்பிக்கவில்லை. ஆகவே, படித்தும் கேட்டும் கண்டும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துச் சொல்கிறேன்.

முடி வளர்வது எப்படி?

மனிதத் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடிக்கும் தனித்தனி வாழ்க்கைச் சுழற்சி உண்டு. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை அது வளர்கிறது. பிறகு இரண்டு மூன்று வாரங்கள் வளர்ச்சி அடங்குகிறது. அடுத்து ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஓய்வில் இருந்து, பின் உதிர்கிறது. அதே இடத்தில் புதுமுடி முளைக்கிறது. எல்லா முடிகளும் ஒரே நாளில் ஓய்வுக்குப் போவதில்லை. எனவே, நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடிகள் வரை உதிர்வது இயல்பே. சீப்பில் நாலைந்து முடிகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் பல விளம்பரங்களை நாமே மதிப்பிடலாம். ‘பத்தே நாளில் கருகருவென அடர்ந்த கூந்தல்’ என்று ஒருவர் சொன்னால், பத்து நாளில் முடி எவ்வளவு வளரும் என்று நம் நான்காம் ஆண்டு மாணவனே கணக்கிட்டுச் சொல்லிவிடுவான். மூன்று மில்லிமீட்டர்!

இன்னொரு நம்பிக்கையையும் இங்கே பார்த்துவிடலாம். மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று பலர் கருதுகின்றனர். முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. தோலுக்கு மேலே சவரக்கத்தி செய்வது எதுவும் அந்த வேருக்குத் தெரியாது. மழித்தபின் முளைக்கும் முடியின் நுனி மழுங்கலாக இருப்பதால் தடவும்போது தடித்தது போலத் தோன்றுகிறது. அவ்வளவே. நேர்த்திக்கடனுக்காக மொட்டையடிப்பது வேறு, சமய வழக்கம். முடி உதிர்வுக்கு மருந்தாக மொட்டையடிப்பதால் பயனில்லை.

காரணங்கள் பல, மருந்தும் பல

முடி உதிர்வு என்பது ஒரே நோயன்று. காய்ச்சல் என்பது பல நோய்களின் அடையாளமாக இருப்பதுபோல, முடி உதிர்வும் பல காரணங்களின் அடையாளம். தொடக்கப்பள்ளி அகவையில் பெரிதும் காணப்படுபவற்றைச் சொல்கிறேன்.

1. தலையில் வரும் படர்தாமரை

மருத்துவர்கள் இதைத் ‘தீனியா கேப்பிட்டிஸ்’ என்பர். பூஞ்சையால் வருவது. முடி கொட்டிய இடத்தில் தோல் செதில் செதிலாக இருக்கும். அரிப்பு இருக்கும். முடி தோலோடு ஒட்ட ஒடிந்து கரும்புள்ளிகளாகத் தெரியலாம். பிடரியில் நெறி கட்டலாம். சிலருக்குச் சீழ் கோத்த வீக்கமாகவே மாறிவிடும். அதைக் கவனியாது விட்டால் அந்த இடத்தில் தழும்பு விழுந்து, பிறகு முடி முளைக்காமலே போகலாம்.

இது தொற்றக்கூடியது. சீப்பு, தொப்பி, தலையணை வழியாகப் பரவும். பூனைக்குட்டிகளிடமிருந்தும் குழந்தைகளுக்கு வரும். என் வகுப்பில் ஒரு மாணவனுக்கு இது வந்தபோது, அவன் வீட்டில் எடுத்து வளர்த்த தெருப்பூனைக்கும் காதோரம் முடி கொட்டியிருந்தது மருத்துவர் கேட்ட பிறகே தெரியவந்தது. மருத்துவரிடம் போகுமுன் இரண்டு மாதங்கள் களிம்பு தடவியே காலம் போயிற்று.

களிம்பு ஏன் பயன்படவில்லை? பூஞ்சை முடித்தண்டுக்கு உள்ளேயே புகுந்துவிடுகிறது. மேலே தடவும் களிம்பு அங்கே எட்டுவதில்லை. ஆகவே, மருத்துவர் தரும் உட்கொள்ளும் மருந்தைப் பல வாரங்கள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அரிப்பு நின்றுவிட்டது என்று நடுவில் நிறுத்தக்கூடாது. வீட்டில் எஞ்சிக் கிடக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் சிவப்பு மறையும், பூஞ்சையோ உள்ளே பரவும். இது மிகவும் கெடுதல்.

2. புழுவெட்டு

இதன் மருத்துவப் பெயர் ‘அலோபீசியா அரியேட்டா’. காசு போல வட்டமாக, வழவழப்பாக, திடீரெனத் தோன்றும். செதிலோ புண்ணோ இராது. சிலருக்கு நகங்களில் சிறு குழிகள் காணப்படும். வாழ்நாளில் நூறு பேரில் இருவருக்கு இது வரக்கூடும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. அப்படியானால், நம் பள்ளிகளுக்கு இது அரிய செய்தியன்று.

தமிழாசிரியன் என்ற முறையில் இந்தப் பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘புழுவெட்டு’ என்னும் பெயர் நம்மைத் தவறான வழியில் சிந்திக்க வைத்துவிட்டது. இதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றல், ஏதோ ஒரு காரணத்தால் முடியின் வேரைப் பகையெனக் கருதித் தாக்குகிறது. அதனால் முடி உதிர்கிறது. இது தொற்றவே தொற்றாது. அருகில் அமர்ந்தாலும், ஒரே சீப்பைப் பயன்படுத்தினாலும் வராது. ஆனால், புழு என்ற சொல்லைக் கேட்டதும் ‘என் பிள்ளையை அவன் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்’ என்று பெற்றோர் சிலர் வந்து நிற்கின்றனர். ஒரு பழைய பெயர் ஒரு குழந்தையைத் தனிமைப்படுத்திவிடுகிறது. வழக்கில் உள்ள பெயரை உடனே மாற்றுவது கடினம். அதன் பொருளையாவது திருத்திச் சொல்லிக் கொடுப்போம்.

ஓரிரு வட்டங்கள் மட்டும் தோன்றியவர்களில் பலருக்கு ஓராண்டுக்குள் முடி தானாகவே திரும்ப முளைத்துவிடுகிறது. இந்த உண்மைதான் எல்லா எண்ணெய் வணிகர்களுக்கும் வாழ்வளிக்கிறது. வெங்காயம் தேய்த்தவரும், மிளகரைத்துப் பூசியவரும், விலையுயர்ந்த தைலம் வாங்கியவரும் ‘எனக்குக் குணமாயிற்று’ என்றே சொல்வர். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். மிளகும் வெங்காயமும் குழந்தையின் மெல்லிய தோலைப் புண்ணாக்கிவிடுவதும் உண்டு.

அதே வேளையில், எல்லாருக்கும் தானாக முளைப்பதில்லை. சிலருக்குத் தலை முழுவதும், புருவமும் இமையும்கூடக் கொட்டிவிடும். அவர்களுக்கு மருத்துவம் தேவை. தடவும் மருந்தும் ஊசியும் நெடுங்காலமாக உள்ளன. கடுமையான நிலைக்காக, பாரிசிட்டினிப் என்னும் மாத்திரைக்கு 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பெரியவர்களுக்கென ஒப்புதல் அளித்தது. ரிட்லசிட்டினிப் என்னும் மாத்திரைக்கு 2023-இல் பன்னிரண்டு அகவையும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. இவை நோயெதிர்ப்பு ஆற்றலையே அடக்கும் மருந்துகள். ஆதலால் தோல் மருத்துவ நிபுணரின் கண்காணிப்பில் மட்டுமே கொள்ளத் தக்கவை. ‘இதற்கு மருந்தே இல்லை’ என்ற பழைய பேச்சை இனிமேல் சொல்ல வேண்டியதில்லை என்பதற்காகவே இவற்றைக் குறிப்பிடுகிறேன்.

3. காய்ச்சலுக்குப் பின் கொட்டுவது

கடுங்காய்ச்சல், அறுவை மருத்துவம், பெரும் அதிர்ச்சி ஆகியவற்றுக்குப் பிறகு ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுநிலைக்குப் போய்விடுகின்றன. இரண்டு மூன்று மாதங்கள் கழித்து அவையெல்லாம் ஒன்றாக உதிர்கின்றன. நம் நாட்டில் டிங்கிக் காய்ச்சலுக்குக் குறைவில்லை. 2019-ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 130,000-க்கும் மேற்பட்டோருக்கு அது கண்டது. கோவிட் பெருந்தொற்றுக்குப் பின்னரும் பலருக்கு இவ்வாறு முடி கொட்டியது.

நோய் வந்து மூன்று மாதங்கள் கழித்து முடி கொட்டுவதால், யாரும் அந்தக் காய்ச்சலை நினைத்துப் பார்ப்பதில்லை. நேற்று மாற்றிய சவர்க்காரத்தின் மேலோ புதிய வீட்டுத் தண்ணீரின் மேலோ பழி விழுகிறது. பெரும்பாலும் ஆறு மாத அளவில் இது தானாகவே சீராகிவிடும். பிள்ளைக்குப் பொறுமையும் நல்லுணவும் போதும். குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு மகப்பேற்றுக்குப் பின் சில மாதங்களில் முடி கொட்டுவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. மகப்பேறு விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பும் ஆசிரியைகள் இதை அறிந்திருந்தால் வீணாகக் கலங்க மாட்டார்கள்.

4. இறுகப் பின்னிய சடை

முடியை நாள்தோறும் இழுத்து இறுகக் கட்டினால் நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் முடி மெலிந்து கொட்டும். இரப்பர் வளையத்தை நேரடியாக முடியில் போட்டு இறுக்குவதும் கெடுதல். தொடக்கத்திலேயே தளர்த்திக் கட்டினால் முடி மீண்டும் வளரும். ஆண்டுக் கணக்கில் இழுத்தால் அந்த இழப்பு நிலைத்துவிடும். சடை பின்னி வரவேண்டும் என்று பள்ளி விதி வைக்கலாம். தலை வலிக்கும் அளவுக்கு இழுத்துப் பின்ன வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. தலைவலி என்று ஒரு சிறுமி சொன்னால் அவள் சடையையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

5. தானே முடியைப் பிடுங்குதல்

சில குழந்தைகள் தம்மை அறியாமலே முடியைச் சுருட்டிச் சுருட்டிப் பிடுங்கிவிடுகின்றனர். கொட்டிய இடத்தில் நீளமும் குட்டையுமாக ஒடிந்த முடிகள் இருக்கும். பத்து முதல் பதின்மூன்று அகவையில் இது தொடங்குவது மிகுதி. இது சேட்டையன்று. ‘கையை எடு!’ என்று அதட்டினால் நிற்பதுமில்லை. பல குழந்தைகளுக்கு இது மனக்கலக்கத்தோடு தொடர்புடையது. பள்ளி ஆலோசக ஆசிரியரும் மருத்துவரும் சேர்ந்து கவனிக்க வேண்டியது. பிடுங்கிய முடியை விழுங்கும் பழக்கமும் இருந்தால் வயிற்றில் முடி உருண்டையாகத் திரண்டு அறுவை மருத்துவம் வரை கொண்டுபோய்விடும். எனவே, வயிற்றுவலியும் சேர்ந்திருந்தால் காலம் தாழ்த்தக்கூடாது.

6. சத்துக் குறைவும் பிற நோய்களும்

இரும்புச்சத்துக் குறைந்தாலும், புரதம் போதாவிட்டாலும், தைராய்டு சுரப்பி சரிவர இயங்காவிட்டாலும் முடி மெலியும். காலையில் தேநீரில் ரொட்டியை நனைத்துத் தின்றுவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் நம்மிடையே இன்றும் உள்ளனர். தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. முட்டை, நெத்திலி, பருப்பு, கீரை, கேழ்வரகு, கொய்யா இவற்றுக்குச் செலவழிக்கும் காசு எந்தத் தைலத்துக்குச் செலவழிப்பதைவிடவும் மேலானது. அதற்காக ஊட்டச்சத்து மாத்திரைகளை அள்ளிக் கொடுப்பதும் தவறு. உயிர்ச்சத்து ‘ஏ’ மிகுந்தால் அதுவே முடியைக் கொட்டச் செய்யும். குருதிப் பரிசோதனை செய்து, குறை இருந்தால் மட்டும் மருத்துவர் சொன்ன அளவில் கொடுப்பதே முறை.

இவையன்றி, புற்றுநோய்க்கு மருத்துவம் பெறும் குழந்தைகளும் உள்ளனர். மருந்து தொடங்கிய சில வாரங்களில் அவர்களுக்கு முடி கொட்டும். மருத்துவம் முடிந்த சில மாதங்களில் மீண்டும் முளைக்கும். அத்தகைய மாணவன் பள்ளிக்குத் திரும்பும் நாள், அவனுடைய பெற்றோர் எத்தனையோ இரவுகள் ஏங்கிக் காத்திருந்த நாள். அந்த நாளில் வகுப்பு அவனை எப்படி எதிர்கொள்கிறது என்பது நம் கையில் இருக்கிறது.

இப்போது எண்ணிப் பாருங்கள். பூஞ்சைக்கு ஒரு மருந்து, நோயெதிர்ப்புக் கோளாற்றுக்கு வேறொரு மருந்து, சடைக்குத் தளர்வு, மனக்கலக்கத்துக்கு ஆறுதல், காய்ச்சலுக்குப் பின் கொட்டுவதற்குப் பொறுமை. இவை அனைத்துக்கும் ஒரே எண்ணெய் எப்படி மருந்தாகும்?

எண்ணெயைப் பற்றி

தேங்காய் எண்ணெய் தேய்க்க வேண்டா என்று நான் சொல்லவில்லை. அது முடித்தண்டினுள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் பாட்டிமார் தேய்த்துவிட்ட எண்ணெய் முடியைப் பாதுகாத்தது உண்மை. தாயின் விரல் குழந்தையின் தலையைக் கோதும் அந்தப் பத்து நிமிடத்தின் அருமையும் உண்மை. ஆனால், இருக்கும் முடியைப் பேணுவது வேறு, நோயுற்ற வேரைக் குணப்படுத்துவது வேறு. இரண்டையும் குழப்புவதில்தான் விளம்பரம் பிழைக்கிறது.

நம் நாட்டில் மருந்தாக விற்கப்படும் பொருளுக்கு அரசுப் பதிவு எண் இருக்க வேண்டும். ‘எம்.ஏ.எல்.’ என்னும் எழுத்துகளோடு தொடங்கும் அந்த எண் புட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘நோயைத் தீர்க்கும்’ என்று சொல்லிவிட்டுப் பதிவு எண் இல்லாமல் விற்கப்படும் எந்தப் பொருளையும் குழந்தையின் தலையில் தடவாதீர்கள். பெரியவர்களுக்கான வழுக்கை மருந்துகளையும் பிள்ளைகளுக்குத் தாமாகவே கொடுக்கக்கூடாது. தந்தையின் மினாக்சிடில் புட்டி மகனுக்குரியதன்று.

சிலர் கேட்கலாம், ‘மருத்துவரிடம் போனால் செலவாகுமே?’ என்று. அரசாங்கச் சுகாதார நிலையத்தில், நாம் கிளினிக் கெசிஹாத்தான் என்று சொல்லும் அதே இடத்தில், கட்டணம் மிகக் குறைவு. தேவைப்பட்டால் அங்கிருந்தே மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். காத்திருக்க வேண்டிவரும் என்பது மெய்தான். ஆயினும், மூன்று புட்டித் தைலம் தீரும் வரை காத்திருப்பதைவிட அது நல்லது.

பள்ளியில் மானம் காப்போம்

இனி, ஆசிரியர்களாகிய நம்மைப் பற்றிப் பேசுவோம்.

தைப்பூசம் முடிந்த மறுநாள் நம் வகுப்பறைகளை நினைத்துப் பாருங்கள். பத்துமலையில் முடிக்காணிக்கை செலுத்திவிட்டு, தலையில் சந்தனம் பூசிய பிள்ளைகள் பெருமையோடு வந்து அமர்கின்றனர். யாரும் சிரிப்பதில்லை. ஆசிரியரும் அன்போடு விசாரிக்கிறார். சிறுமியர் மொட்டையடித்து வந்தாலும் வியப்பில்லை. முடியில்லாத தலையை மதிக்க நம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. மிக நன்றாகவே தெரியும். பெரியவர்கள் அதை மதித்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். நோயால் முடியிழந்த தலையையும் நாம் மதித்தால், அதையும் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

திருக்குறளில் மானம் என்னும் அதிகாரத்தில் தலையிலிருந்து வீழ்ந்த மயிர் ஓர் உவமையாக வருகிறது. தம் உயர்ந்த நிலையிலிருந்து தாழ்ந்துபோன மாந்தரைப் பற்றி வள்ளுவர் அங்கே பேசுகிறார். அந்தக் குறளை நடத்தும் நாளில் வகுப்பில் முடி உதிர்ந்த மாணவன் ஒருவன் இருந்தால், பலருடைய கண்கள் அவன் பக்கம் திரும்பும். தாழ்வு என்பது நடத்தையால் வருவது, நோயால் வருவதன்று என்று ஆசிரியர் அந்த இடத்திலேயே விளக்கிவிட வேண்டும். குறளின் கருத்தும் தெளிவாகும், அந்த மாணவனும் தலைநிமிர்வான்.

கட்டொழுங்கைப் பற்றி ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். ‘ஒருவனுக்குத் தொப்பி அணிய இசைவு தந்தால் நாளை எல்லாரும் தொப்பியோடு வருவார்களே!’ என்பர். காலில் கட்டுப் போட்ட மாணவன் செருப்பணிந்து வருகிறான். அதைக் கண்டு மற்றவர்கள் செருப்போடு வந்துவிட்டார்களா? பிள்ளைகளுக்கு நியாயம் தெரியும். காரணத்தோடு தரப்படும் விலக்கு விதியைக் கெடுத்துவிடாது.

‘கேலியைத் தாங்கப் பழகட்டும், மனம் உறுதிப்படும்’ என்பது இன்னொரு வாதம். பெரியவர் ஒருவர் தம் வழுக்கையைத் தாமே கேலி செய்து ஆசிரியர் அறையில் சிரிக்கலாம். அது அவர் விருப்பம். எட்டு அகவைச் சிறுவனுக்கு அந்தத் தெரிவு இல்லை. அவன் வகுப்பை மாற்ற முடியாது, பள்ளியை விட்டு நடக்க முடியாது. அவனால் முடிந்தது ஒன்றே. காலையில் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்வது. என் வகுப்பில் ஒரு மாணவி இப்படித்தான் அடிக்கடி வராமல் இருந்தாள். அவள் தாயை அழைத்துப் பேசியபோதுதான், தலைமுடி வாரும் நேரத்தில் அவள் அழுவது தெரியவந்தது. தலைமையாசிரியரின் இசைவோடு அவள் தலைத்துணி அணிந்துவர ஏற்பாடு செய்தோம். அதன்பின் அவள் விடுப்பு எடுப்பது குறைந்தது. வருகைப் பதிவேட்டில் விழும் சுழியங்களுக்குப் பின்னால் இப்படியும் காரணங்கள் இருக்கும்.

ஆகவே, நம் பள்ளிகளில் பின்வருவனவற்றை நடைமுறைப்படுத்தலாம் என்பது என் பரிந்துரை.

1. முடி, நகச் சோதனையின்போது எந்த மாணவனின் தலையையும் சபைகூடலில் பலர் முன்னிலையில் சுட்டிக்காட்ட வேண்டா. ஐயம் இருந்தால் தனியே அழைத்துப் பார்ப்போம்.

2. மாற்றத்தைக் கண்ட ஆசிரியர் அதே வாரத்தில் பெற்றோரிடம் பேசட்டும். நோயின் பெயரைத் தாமே சொல்லிவிடாமல், ‘இதைக் கண்டேன், மருத்துவரிடம் காட்டுங்கள்’ என்று மட்டும் சொல்லட்டும்.

3. மருத்துவச் சான்று உள்ள மாணவனுக்குத் தொப்பியோ தலைத்துணியோ அணியத் தலைமையாசிரியர் எழுத்து வழி இசைவு தரட்டும். அதைப் பாட ஆசிரியர்கள், தற்காலிக ஆசிரியர்கள் அனைவருக்கும் தெரிவிக்கட்டும். ஒவ்வொரு பாடவேளையிலும் அந்தப் பிள்ளையே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

4. படர்தாமரை என்று உறுதியானால் சீப்பு, தொப்பி ஆகியவற்றைப் பகிரக்கூடாது என்று வகுப்பு முழுமைக்கும் பொதுவாகச் சொல்வோம். பெயரைச் சொல்ல வேண்டா. உடன்பிறந்தாரையும் மருத்துவர் பார்க்கட்டும். மருந்து தொடங்கிவிட்ட மாணவனை வீட்டிலேயே அடைத்து வைக்க வேண்டியதில்லை. மருத்துவர் சொன்னபடி அவன் பள்ளிக்கு வரலாம்.

5. தொற்றாத வகை என்று தெரிந்தால், அந்தப் பிள்ளையும் பெற்றோரும் விரும்பினால் மட்டும், வகுப்புக்கு ஐந்து நிமிடம் விளக்கிச் சொல்வோம். ‘இது ஒட்டாது, அவனுக்கு வலிக்காது, கேலி செய்தால்தான் வலிக்கும்’ என்று சொன்னாலே பிள்ளைகளுக்குப் புரியும்.

6. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது தோல், முடி, பேன் பற்றி அரசாங்கச் சுகாதார நிலையத்திலிருந்து ஒருவரை அழைத்துப் பேசச் செய்யலாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் முன்னால் அதன் தலையைப் பற்றி உறவினரிடம் புலம்பாதீர்கள். ‘பெண் பிள்ளையாயிற்றே, நாளைக்கு யார் கட்டுவார்?’ என்பன போன்ற பேச்சுகள் பத்து அகவைச் சிறுமியின் காதில் விழ வேண்டியவை அல்ல. முடி முளைக்கும் வரை நாள்தோறும் கண்ணாடி முன் நிறுத்தி அளந்து பார்க்காதீர்கள். மாதம் ஒருமுறை நிழற்படம் எடுத்து வைத்தால் போதும். மருத்துவரிடம் காட்டவும் அது பயன்படும். எப்போது தொடங்கியது, அதற்கு மூன்று மாதம் முன்பு என்ன காய்ச்சல் வந்தது, வீட்டில் பூனை உண்டா, என்னென்ன தடவினீர்கள் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவரின் வேலை பாதியாகக் குறையும்.

வரும் திங்கட்கிழமை உங்கள் வகுப்பில் நுழையும்போது, பிள்ளைகள் குனிந்து எழுதும் வேளையில், வரிசைகளுக்கு இடையே மெல்ல நடந்து ஒருமுறை பாருங்கள். எதையேனும் கண்டால் அங்கே எதுவும் சொல்லாதீர்கள். ஓய்வு நேரத்தில் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழையுங்கள்.